7.4 சென்டிமீட்டர்

பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் எட்டு மார்க்குக்குச் செய்முறை வடிவியல் என்று ஒரு கேள்வி வரும். அதற்கென்று பாடப்புத்தகத்தில் இருக்கிற கணக்குகளில் ஒன்று இது: 6 செ.மீ. விட்டமுள்ள வட்டம் வரைய வேண்டும், மையத்திலிருந்து 8 செ.மீ. தொலைவில் P என்ற புள்ளியைக் குறிக்க வேண்டும், அங்கிருந்து வட்டத்துக்கு இரண்டு தொடுகோடுகள் வரைந்து நீளத்தை அளந்து எழுத வேண்டும். விடை 7.4 செ.மீ. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிற யாரையும் நடுராத்திரியில் தட்டி எழுப்பிக் கேளுங்கள், 7.4 என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள்.

இந்த ஜனவரியில் திருப்புதல் தேர்வுக்கு முன்னால் என் வகுப்புக்கு நானே ஒரு சின்ன டெஸ்ட் வைத்தேன். கை சும்மா இருக்கவில்லை, அந்த 8ஐ மட்டும் 5 ஆக்கினேன். வட்டம் அதேதான். வரைகிற முறையும் அதேதான். புள்ளி கொஞ்சம் பக்கத்தில் வந்துவிட்டது, அவ்வளவுதான். தொடுகோடு இப்போது 4 செ.மீ. வர வேண்டும்.

கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் அச்சடித்த மாதிரி வரைந்திருந்தான். உதவிப்படம், ஊசி மாதிரி பென்சில் கோடு, OPக்கு மையக்குத்துக்கோடு, நடுப்புள்ளியிலிருந்து இரண்டாவது வட்டம், இரண்டு வட்டமும் வெட்டுகிற இடத்தில் A, B. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், கச்சிதமாக 4 செ.மீ. அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே பெரிதாக எழுதியிருந்தான்: PA = PB = 7.4 செ.மீ. கீழே சரிபார்த்தல் வேறு. 64 − 9 = 55, √55 = 7.4. கேள்வியில் 5 இருக்கும்போது இந்த 64 எங்கிருந்து வந்தது என்று கேட்கவே தோன்றாத அளவுக்கு நீட்டாக, அடிக்கோடெல்லாம் போட்டு.

அவன் மட்டும் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். முப்பத்தாறு பேர் எழுதியதில் பதினான்கு பேர் 7.4.

அந்தத் தாள்களை வீட்டுக்கு எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் போட்டுவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் அந்தப் பையனுக்கு இப்படி எழுதக் கற்றுக்கொடுத்தது நான்தான்.

பள்ளிக்கூடத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது எப்படி நடக்கிறது என்று தெரியாது, அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். பத்தாம் வகுப்புக் கணக்கு 100 மார்க், பாஸாக 35. ஒரு மார்க் கேள்வி 14. இரண்டு மார்க் கேள்வி பத்து எழுத வேண்டும். ஐந்து மார்க் கேள்வி பத்து. அப்புறம் எட்டு மார்க் கேள்வி இரண்டு, ஒன்று வடிவியல், ஒன்று வரைபடம். இந்தக் கட்டமைப்பு மாணவனுக்குத் தெரிகிறதோ இல்லையோ, டீச்சருக்கு மனப்பாடம். மெல்லக் கற்போர் என்று ஒரு பட்டியல் போடுவோம் (காகிதத்தில் அப்படி, வாயில் ‘ஸ்லோ லேர்னர்’). அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாளே அவர்களைத் தனியாக உட்கார வைத்துவிடுவோம். முதலில் வடிவியலும் வரைபடமும். இரண்டும் கையால் செய்கிற வேலை, புரிய வேண்டிய அவசியமில்லை, ஐம்பது முறை வரைந்தால் கைக்கே பழகிவிடும். 16 மார்க். அடுத்து புத்தகத்தின் பின்பக்க ஒரு மார்க் கேள்விகள். கணக்குப் போட்டு விடை கண்டுபிடிக்கக்கூடாது, கேள்வியின் முதல் சொல்லைப் பார்த்ததும் விடை வந்து நிற்க வேண்டும். அதில் எட்டு தேறும். முதல் பாடத்தில் A×(B∪C) வகையில் ஒரு ஐந்து மார்க், அணிகளில் ஒரு ஐந்து மார்க். இரண்டு மார்க் ஒன்றே ஒன்று. கூட்டிப் பாருங்கள், 36. பாஸ்.

இதில் எங்கேயும் அவன் வகுத்தல் செய்ய வேண்டியதில்லை. அதுதான் இந்தக் கலையின் நுட்பம். ஏழாம் வாய்ப்பாடு தெரியாத பிள்ளையைப் பத்தாம் வகுப்புக் கணக்கில் பாஸ் போட வைக்க எனக்குத் தெரியும், பத்து வருடமாகச் செய்கிறேன், ஒரு வருடம் என் பாடத்தில் நூறு சதவீதம் வந்ததற்கு மேடையில் சால்வை போட்டார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். மார்ச்சில் பயந்துகொண்டு ஹாலுக்குள் போன பிள்ளை மே மாதம் ‘டீச்சர், 41’ என்று ஓடி வருகிறபோது இந்தக் கலையைக் கேவலமாகப் பேச மனசு வராது. அந்த 41 இல்லாமல் அவன் ஐ.டி.ஐ.யில்கூடத் தனக்குப் பிடித்த தொழிலில் சேர முடியாது.

இதைச் சொன்னால் ‘அப்போ பொதுத்தேர்வே வேண்டாம் என்கிறாயா’ என்று என் தம்பி சண்டைக்கு வருவான். அங்கேதான் எனக்குச் சிக்கல். எல்லோருக்கும் ஒரே தாள், ஒரே மணி அடித்து ஒரே நேரத்தில், ஒரே விடைக்குறிப்பு வைத்துத் திருத்துவது என்கிற இந்த ஏற்பாட்டின் மேல் எனக்குத் தனிப்பட்ட முறையில் ஒரு கடன் இருக்கிறது.

அப்பா அரிசி மண்டியில் மூட்டை தூக்கினார். 2000ல் நான் பிளஸ் டூ. எங்கள் வகுப்பில் மண்டிக்காரர் பையனும் படித்தான். ஆசிரியர் போர்டில் கணக்குப் போட்டுவிட்டு, புரிந்ததா என்று அவன் முகத்தைப் பார்த்துக் கேட்பார். அவன் தலையாட்டினால் அடுத்த கணக்கு. செய்முறைத் தேர்வில் அவனுக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு என்பதெல்லாம் இப்போது வேண்டாம். ஆனால் எழுத்துத் தேர்வு வேறு எங்கேயோ, யாரோ முகம் தெரியாத ஒருவர் திருத்தியது. ரிசல்ட் மாலைப் பத்திரிகையில் வெறும் எண்ணாக வந்தது. கணக்கில் 200க்கு 187. அவனுக்கு என்னைவிடக் குறைவு. அன்று சாயங்காலம் மண்டிக்காரர் அப்பாவை உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னாராம். அப்பா இதை அதற்குப் பிறகு இருபது வருடம் சொல்லிக்கொண்டிருந்தார், ஒவ்வொரு முறையும் அந்த நாற்காலிக்குக் கை வைத்ததா வைக்காததா என்பது மாறும்.

அதனால் விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போகும்போது எனக்கு எப்போதும் கொஞ்சம் கோவிலுக்குள் போகிற மாதிரி இருக்கும். கட்டைப் பிரித்தால் பெயர் கிடையாது, ஊர் கிடையாது, அப்பா பெயர் கிடையாது. முகப்புச் சீட்டைக் கிழித்துவிட்டுத்தான் எங்களிடம் தருவார்கள். ஒரு எண்தான் தெரியும். அந்தக் கையெழுத்துக்குச் சொந்தக்காரர் யார் என்று தெரியாமல் அரை மார்க்குக்காக ஏ.இ.யும் (உதவித் தேர்வாளர்) சி.இ.யும் (முதன்மைத் தேர்வாளர்) மல்லுக்கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ‘சூத்திரம் சரியா எழுதியிருக்கு சார், ஸ்டெப்புக்குப் போடுங்க’ என்று யாருக்காகவோ வாதாடுகிறோம். இந்த நாட்டில் வேறு எந்த இடத்தில் ஒரு ஏழைப் பிள்ளைக்கு இந்த மரியாதை கிடைக்கும்?

ஆனால் அதே முகாமில்தான் இன்னொன்றும் தெரியும். சில கட்டுகளில் இருபது தாளும் ஒரே மாதிரி இருக்கும். காப்பி கிடையாது, பிட்டும் கிடையாது, பறக்கும் படைக்கு இதில் வேலையே இல்லை. ஒரே பள்ளி, ஒரே டீச்சர், ஒரே மெட்டீரியல், அவ்வளவுதான். அந்த மெட்டீரியலில் ஏதோ ஒரு வரியில் எழுத்துப் பிழை இருந்திருக்கும், அது இருபது தாளிலும் அப்படியே வரும். ஒரு வருடம் ‘திட்டவிலக்கம்’ ஒரு கட்டு முழுக்க ‘திட்டவிளக்கம்’ ஆக இருந்தது. இருபது பிள்ளைகளும் விடையைச் சரியாகக் கண்டுபிடித்திருந்தார்கள். ஒருவருக்காவது அது விலக்கம், சராசரியிலிருந்து விலகி நிற்பது என்று யாராவது சொல்லியிருப்பார்களா? நான் முழு மார்க்கும் போட்டேன். விடைக்குறிப்பு அப்படித்தான் சொல்கிறது.

ஒரே தாள் வைத்து அளப்பதால் பள்ளிக்கூடம் மேம்படுமா என்பதுதான் கேள்வி என்றால், அந்தக் கட்டை நினைத்துக்கொண்டுதான் பதில் யோசிப்பேன். அளப்பதற்கு அது நல்ல கருவி, ஆளைப் பார்க்காது. ஆனால் அளவின் முடிவை வைத்து டீச்சருக்கு மெமோ, ஹெட்மாஸ்டருக்குச் சால்வை, மாவட்டத்துக்கு ரேங்க் என்று கட்டித் தொங்கவிட்ட அன்றைக்கே, நாங்கள் பாடம் நடத்துவதை விட்டுவிட்டு அளவுகோலை நடத்த ஆரம்பித்துவிடுகிறோம்.

மே மாத ரிசல்ட் செய்தியைப் பாருங்கள். 2025ல் பிளஸ் டூ தேர்ச்சி 95.03 சதவீதம், பத்தாம் வகுப்பு 93.80. அதற்குக் கீழே உடனே எந்த மாவட்டம் முதலிடம், எது கடைசி. கடைசியில் வந்த மாவட்டத்தில் மறுவாரம் மீளாய்வுக் கூட்டம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பாடவாரியாக, பெயர்வாரியாக எழுந்து நிற்க வேண்டும். ‘ஏன் உங்கள் பாடத்தில் 62 சதவீதம்?’ பதில் என்ன சொல்வது? ‘ஐயா, ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் வந்தபோது பதினோரு பேருக்கு வகுக்கத் தெரியாது’ என்று சொல்லிப் பார்த்தேன். ‘காரணம் சொல்லாதீங்கம்மா, அடுத்த வருஷம் என்ன பண்ணப் போறீங்க?’ என்ன பண்ணுவேன், வடிவியலும் வரைபடமும்தான்.

தனியார் பள்ளிகளுக்கு இன்னும் சுலபமான வழி உண்டு. நூறு சதவீதம் வேண்டுமென்றால் பின்னத்தின் பகுதியை, அதாவது தேர்வு எழுதுகிறவர்கள் எண்ணிக்கையை மாற்றினால் போதும், தொகுதியை மாற்ற வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்பு முடிகிற சமயத்தில் அப்பாவைக் கூப்பிட்டு, ‘உங்க பொண்ணு இங்க கஷ்டப்படுவா, டி.சி. வாங்கிக்கோங்க, கவர்மென்ட் ஸ்கூல்ல சேர்த்தா ஈஸியா பாஸ் பண்ணிடுவா’ என்பார்கள். அப்படி வந்த ஒரு பெண் போன வருடம் என் வகுப்பில் இருந்தாள். எட்டு வருடம் ஃபீஸ் கட்டிய பள்ளி. ஜூனில் அதன் வாசலில் ‘100% தேர்ச்சி’ என்று ஃபிளெக்ஸ் தொங்கியது. அவள் பஸ்ஸில் அதைத் தாண்டித்தான் தினமும் எங்கள் பள்ளிக்கு வந்தாள்.

பிளஸ் ஒன் கதை இதைவிட விசேஷம். நாமக்கல் பக்கத்து ஹாஸ்டல் பள்ளிகளை ஒரு காலத்தில் பிராய்லர் பள்ளிகள் என்றே சொல்வார்கள். கோழிப் பண்ணைக்கு பேர்போன ஊர் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அங்கே மட்டுமில்லை, மாநிலம் முழுக்கவே பெரிய பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமல் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருடம் நடத்தினார்கள். பொதுத்தேர்வு பன்னிரண்டுக்குத்தானே? 1200க்கு 1190 எடுத்துவிட்டு இன்ஜினியரிங் போன பிள்ளைகள் முதல் செமஸ்டர் கணக்கில் அரியர் வைத்தது இதனால்தான், அடிப்படை எல்லாம் பதினொன்றில் இருக்கிறது. அரசு என்ன செய்தது? 2017ல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்தது. 2018 மார்ச்சில் முதல் தேர்வு நடந்தது. மார்க் 600 ஆனது, மாநில ரேங்க் அறிவிப்பதும் அந்தச் சமயத்தில்தான் நின்றது (அது மட்டும் நல்ல காரியம், ஒரு மார்க்கில் ரேங்க் போனதற்கு அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும்). பரீட்சையால் வந்த நோய்க்கு இன்னொரு பரீட்சை மருந்து. அப்புறம் என்ன, பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு, பிள்ளைகளுக்கு மூச்சுவிட நேரமில்லை. 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோது பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு போய்விட்டது. சில பள்ளிகள் பழைய பன்னிரண்டாம் வகுப்பு நோட்டுகளைத் தூசி தட்டிக்கொண்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். என் நினைப்பு தப்பாகப் போனால் சந்தோஷம்.

இது புதுசு கிடையாது. 1862ல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்பவர் ஒரு விதி கொண்டுவந்தார்: பள்ளிக்கு அரசு தருகிற பணம், எத்தனை பிள்ளைகள் வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் இன்ஸ்பெக்டர் முன்னால் தேறுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. பள்ளி ஆய்வாளராக இருந்த கவிஞர் மேத்யூ ஆர்னால்ட் இதைக் கடுமையாக எதிர்த்தார். பிள்ளைகள் புத்தகத்தை மனப்பாடம் செய்கிறார்கள், வாசிக்கக் கற்கவில்லை என்பதே அவர் குறை. அதே ஏற்பாடு கப்பலேறிச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ரிசல்ட் கிராண்ட் என்று பெயர். நம் திண்ணைப் பள்ளி வாத்தியார்களையும் அதற்குள் இழுத்தார்கள். அதுவரை கீரையும் அரிசியும் நெல்லும் கொடுத்து ஊர் வைத்துக்கொண்ட வாத்தியார், இப்போது தலைக்கு இவ்வளவு என்று பணம் வாங்க இன்ஸ்பெக்டர் வருகிற நாளைப் பார்த்துக் காத்திருந்தார். மீளாய்வுக் கூட்டத்தில் எழுந்து நிற்கும்போதெல்லாம் எனக்கு முன்னால் அந்த வாத்தியார் நிற்கிற மாதிரி ஒரு நினைப்பு வரும்.

சரி, தேர்ச்சி சதவீதம் ஏறுகிறதே, அப்படியென்றால் படிப்பும் கொஞ்சமாவது ஏறியிருக்க வேண்டாமா?

இதற்குப் பதில் ஒரு தடவை நமக்குக் கிடைத்தது, நாம்தான் வாங்கிக்கொள்ளவில்லை. பிசா என்று ஓ.இ.சி.டி. (பெரும்பாலும் பணக்கார நாடுகளின் கூட்டமைப்பு) நடத்துகிற சர்வதேசத் தேர்வு இருக்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளைகளைக் குலுக்கலில் எடுப்பது மாதிரி எடுத்து, பாடப்புத்தகத்தில் இல்லாத கேள்வியாகக் கேட்கும். பிள்ளைக்கு மார்க் தெரியாது, பள்ளிக்குப் பெயர் வராது. 2009 சுற்றின் நீட்சியாக இந்தியாவிலிருந்து இரண்டு மாநிலங்கள் அதில் கலந்துகொண்டன, தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும். கல்வியில் நாங்கள் தேவலை என்று நம்பிக்கையோடு போன மாநிலங்கள். 2011 டிசம்பரில் முடிவு வந்தது. எழுபத்துச் சொச்சம் இடங்களின் பட்டியலில் இரண்டும் அடிமட்டத்தில், கூடவே கிர்கிஸ்தான். கணக்கில் தமிழ்நாட்டின் சராசரி 351. ஓ.இ.சி.டி. நாடுகளின் சராசரி 496. அன்றாட வாழ்க்கைக்கு வேண்டிய அடிப்படைக் கணக்கு மட்டத்தைத் தொட்டவர்கள் இங்கே 100க்கு 15 பேர் மாதிரிதான். அதே வயதுப் பிள்ளைகள் அதே காலத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் பத்துக்கு எட்டுப் பேர் பாஸாகிக்கொண்டிருந்தார்கள்.

அதற்கு நாம் சொன்ன பதில், கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்பது. அதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த சுற்றுகளில் இந்தியா கலந்துகொள்ளவே இல்லை. சுகர் டெஸ்ட் ரிசல்ட் பிடிக்காதவர் லேப் பக்கமே போகாமலிருப்பது மாதிரி. என் மாமியார் அப்படித்தான் இரண்டு வருடம் இருந்தார்.

எனக்கு இதில் பிடித்தது ஒன்றுதான். அந்தத் தேர்வில் யாருக்கும் எதுவும் போகாது, அதனால் யாருக்கும் அதற்காகப் பிள்ளையைத் தயார் செய்யத் தோன்றவில்லை, அதனால்தான் உண்மை வெளியே வந்தது. இப்போது தேசிய அடைவுத் தேர்வு இருக்கிறது, 2017, 2021 என்று நடந்தது, 2024 டிசம்பரில் பராக் என்ற பெயரில் நடந்தது. அதுவும் மாதிரிப் பள்ளிகளை எடுத்து நடத்துவதுதான், பிள்ளைக்கு மார்க் கிடையாது. நல்ல யோசனை. ஆனால் மாவட்டத்துக்கு மாவட்டம் ஒப்பிட்டு வரைபடம் வெளியிடுவார்கள் என்றதும் எங்களுக்கு என்ன வந்தது? பயிற்சித் தாள். ஓ.எம்.ஆர். வட்டத்தை வெளியே வழியாமல் கறுப்பாக்கப் பயிற்சி. இரண்டு வாரம் பாடத்தை நிறுத்திவிட்டு வட்டம் கறுப்பாக்கினோம். தெர்மாமீட்டரை வெந்நீரில் முக்கிக் காட்டுகிற பழக்கம் நம் ரத்தத்தில் ஊறிவிட்டது.

இவ்வளவு பேசிவிட்டு ஒன்றை மறைத்தால் அது யோக்கியம் இல்லை. பரீட்சையே இல்லாத வருடமும் நான் பார்த்தேன். 2020ல் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்து, எல்லோரும் பாஸ். 2021ல் பன்னிரண்டுக்கும் அப்படியே. பத்தாம் வகுப்பு மார்க்கில் பாதி, பதினொன்றிலிருந்து கொஞ்சம், செய்முறையிலிருந்து கொஞ்சம் என்று சேர்த்து மார்க் போட்டார்கள். பொதுத்தேர்வு என்கிற கத்தி தலைக்கு மேல் இல்லாதபோது நாங்கள் ஆசையாக, ஆழமாகப் பாடம் நடத்தினோமா? இல்லை. கொரோனாவும் ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பள்ளி திறந்த பிறகும் ‘எப்படியும் ஆல் பாஸ்தானே’ என்கிற சோம்பல் பிள்ளைகளிடமும் இருந்தது, எங்கள் ஸ்டாஃப் ரூமிலும் இருந்தது. அதற்கு முந்தி, 2019ல், ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்து ஊரெல்லாம் கொதித்து 2020 பிப்ரவரி 4 அன்று திரும்பப் பெற்றார்களே, அப்போது நானும் அதை எதிர்த்தவள்தான். பத்து வயதுப் பிள்ளையைப் ஃபெயில் போட்டு என்ன ஆகப்போகிறது, அதன் அம்மா கூட்டிக்கொண்டு போய் வேலைக்கு விடுவாள், அவ்வளவுதான். இப்போதும் எதிர்ப்பேன். ஆனால் ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போது அந்தப் பிள்ளைக்கு வகுக்கத் தெரிகிறதா என்று யாராவது பார்த்தார்களா என்று கேட்டால், அதற்கும் நம்மிடம் பதில் இல்லை.

7.4 எழுதிய அந்தப் பையனைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2020-21ல் அவன் ஐந்தாம் வகுப்பு, வருடம் முழுக்க வீட்டில். ஆறாம் வகுப்பில் 2021 நவம்பர் 1 அன்றுதான் பள்ளி திறந்தது. பெரிய எண்ணை வகுப்பது, பின்னம், தசமம் எல்லாம் கைக்கு வருகிற இரண்டு வருடமும் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். (அவன் வார்த்தையில், ‘ஜாலியா இருந்துச்சு டீச்சர்’.) அதற்குப் பிறகு வருடா வருடம் மேலே தள்ளிக்கொண்டே வந்து ஒன்பதில் என்னிடம் சேர்த்துவிட்டார்கள்.

அவன் ஒன்பதுக்கு வந்த 2024 ஜூனில் ஒரு காரியம் செய்தேன். பிரதம் அமைப்பு 2005லிருந்து வீடு வீடாகப் போய் ஏசர் என்று ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறது. அதில் பிள்ளையிடம் இரண்டாம் வகுப்பு மட்டத்தில் ஒரு பத்தி கொடுத்து வாசிக்கச் சொல்வார்கள், ஒரு கழித்தல், மூன்று இலக்க எண்ணை ஒரு இலக்கத்தால் ஒரு வகுத்தல். அவ்வளவே. அதே மாதிரி முப்பத்தெட்டுப் பேரையும் ஒவ்வொருவராக வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டு, ஆளுக்கு ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மார்க் போடவில்லை, யாருக்கும் அனுப்பவில்லை. நான்கு நாள் ஆனது. 846ஐ 6ஆல் வகுக்கச் சொன்னால் ஒருத்தி 8ஐ 6ஆல் வகுத்து ஒன்று போட்டு, மீதி 2ஐ என்ன செய்வது என்று தெரியாமல் அதை அழித்துவிட்டாள். ‘மீதி வந்தா தப்பு டீச்சர்’ என்றாள். ஒன்பது வருடப் பள்ளிக்கூடத்தில் எத்தனை டெஸ்ட் எழுதியிருப்பாள், எத்தனை சிவப்பு மை பட்டிருக்கும், இந்த ஒரு வாக்கியம் அவள் வாயிலிருந்து வர யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. அந்த வாரம் எனக்குத் தெரிந்த அளவு என் வகுப்பைப் பற்றி எந்த ரிசல்ட் ஷீட்டும் சொன்னதில்லை.

தெரிந்துகொண்டு என்ன செய்தேன்? ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதம் கடைசிப் பீரியட் வகுத்தல் நடத்தினேன். அவள் தேறிவிட்டாள், இன்னும் ஐந்தாறு பேர் தேறினார்கள். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வந்தது, போர்ஷன் முடியவில்லை என்று விளக்கம் கேட்டார்கள், வகுத்தலை மூட்டை கட்டினேன். அந்தப் பையன் தேறாத ஐந்து பேரில் ஒருவன்.

இந்த வருடம் இதில் ஒரு வேடிக்கையும் சேர்ந்தது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஏற்கனவே பணியில் இருக்கும் ஆசிரியர்களும் இரண்டு வருடத்துக்குள் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும், ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கும் குறைவாக இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. நான் 2013ல் டெட் எழுதி வந்தவள், எனக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் எங்கள் ஸ்டாஃப் ரூம் தலைகீழாகிவிட்டது. இருபது வருட அனுபவமுள்ள தமிழ் ஐயா குழந்தை மேம்பாட்டு உளவியல் கைடை விரித்து வைத்துக்கொண்டு பியாஜே என்ற உளவியலாளர் சொன்ன குழந்தை வளர்ச்சியின் நான்கு நிலைகளைத் தலைப்பெழுத்தை வைத்து மனப்பாடம் செய்கிறார். ‘இருபது வருஷம் பாடம் நடத்தியிருக்கேன்மா, 150 ஒரு மார்க் கேள்வி என் திறமையைச் சொல்லிடுமா?’ என்று என்னிடம் நியாயம் கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்று பிற்பகல் அவரே மெல்லக் கற்போர் பட்டியலில் இருந்த நான்கு பேரை வராண்டாவில் முட்டிபோட வைத்திருந்தார், ஒரு மார்க் கேள்வியில் பாதிக்குமேல் தப்பாம். அவர் கையில் இரண்டு கைடு இருந்தது, ஒன்று அவருடையது, ஒன்று பிள்ளைகளுடையது.

அந்த 7.4 பையனை மறுநாள் இடைவேளையில் கூப்பிட்டேன். தாளை அவன் முன்னால் வைத்து, ஸ்கேலைக் கையில் கொடுத்து, ‘PA எவ்வளவுன்னு அளந்து சொல்லு’ என்றேன். குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பூஜ்யத்தைச் சரியாக Pயில் பொருத்தி அளந்தான். கைவேலையில் அவன் சுத்தம்.

‘நாலு வருது டீச்சர்.’

‘நீ என்ன எழுதியிருக்க?’

தாளைப் பார்த்தான். ஸ்கேலைப் பார்த்தான். திரும்பவும் அளந்தான். நாலுதான். அவன் முகம் சுண்டிப்போனது.

‘தப்பா வரைஞ்சுட்டேன் டீச்சர்’ என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ரப்பரை எடுத்து வட்டத்தை அழிக்க ஆரம்பித்தான்.